மேற்கு அறைக்கு மூலைப் பலகை

சங்கரன்கோவில்,
விஜய வருஷம், ஆவணி மாதம் 4-ந் தேதி

சௌபாக்கியவதி முத்துமீனாளுக்கு அப்பா அம்பலவாணன் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. அம்மாவின் முழங்காலையும் என் கடைவாய்ப் பல்லையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம். நாகபுரியில் நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்துகொண்டே இரண்டு வீட்டையும் ஆட்டிவைக்கிற அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருப்பீர்கள் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டதா என்பதை முதல் வரியிலேயே கேட்கச் சொல்லியிருந்தாள் உன் அம்மா. கேள்வி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, அவளிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இங்கே மழை இல்லை. மேல்காற்று இப்போதுதான் அடங்கிக்கொண்டு வருகிறது. ஆடித்தபசுக்கு வழக்கம்போல் கூட்டம், தெருவில் கால் வைக்க இடமில்லை, நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன், உன் அம்மா எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

மாப்பிள்ளை எழுதிய கார்டு திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வரவே கூடாது, பிரசவம் அங்கேதான் என்று டாக்டரம்மாள் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். நான் ஒரு தடவை வாசித்தேன். உன் அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள், அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மேற்கு அறை வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. நீ தலைப்பிரசவத்துக்கு இங்கே வருவதற்கென்று எடுத்த வேலை, அது இழுத்துக்கொண்டு போனதால்தான் நீ வர முடியாமல் போயிற்று. ஆகவே நடந்தது என்னவென்று உனக்கு எழுதிவிடுவது முறை. உனக்கு மரம், பலகை இதிலெல்லாம் அக்கறை கிடையாது என்பது தெரியும். இருந்தாலும் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிற நேரத்தில் படி.

போன தை மாதம் நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தபோது மேற்கு அறையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். யுத்த காலத்தில் செங்கல் கிடைக்காமல் நான் கல்தூணில் மாம்பலகை அடித்து மறைத்த அறை அது. கரையான் தின்று மூலையில் ஓட்டை விழுந்ததைப் பெட்டியை வைத்து மறைத்திருந்தோம். அந்தப் பெட்டியின் மேலேயே பாம்பு வந்து படுத்துக்கொண்டது. மாப்பிள்ளை கம்பைத் தேடினார், கம்பு உன் அம்மாவின் கையில் இருந்தது, அவள் அதைக் கொடுக்காமல் பாம்பைப் பார்த்துக் கும்பிட்டு, தாயி, வந்த வழியாப் போயிரு, சின்னஞ்சிறுசுக பயப்படுதாக என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அது போகவும் போயிற்று. மறுநாளே நீங்களும் போய்விட்டீர்கள். மாப்பிள்ளை பேரில் எனக்குக் குறை இல்லை. நானும் அன்றைக்குக் கட்டில் மேலேதான் நின்றேன். சித்திரையில் நீ உண்டாயிருக்கிற செய்தியை எழுதிய கையோடு, அந்த அறையில் விரல் நுழைகிற சந்துகூட இல்லாமல் அடைத்தால்தான் அனுப்புவேன், இல்லாவிட்டால் பிரசவம் நாகபுரியிலேயே நடக்கட்டும் என்று அவர் எழுதினார். நியாயம்தான் என்று பதில் போட்டேன். ஆடியில் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற வழக்கம் நமக்குக் கிடையாது. ஆனி முடிவதற்குள் அறையை முடித்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், அதுதான் கெடு.

செங்கல் வைத்துக் கட்டியிருக்கலாமே என்று கேட்பாய். மாப்பிள்ளையும் கேட்டார். அந்த அறையின் கன்னிமூலையில், சுவரை ஒட்டி வெளிப்பக்கம் புற்று இருக்கிறதே, அதை என்ன செய்ய? செங்கல் சுவர் என்றால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும், வானம் தோண்டினால் புற்று போய்விடும். உன் அம்மா முதல் நாளே, புத்துல கடப்பாரை பட்டுதுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன், கேட்டுக்கிடுங்க என்று சொல்லிவிட்டாள். வேறு ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. ஒரு ஆளை விட்டு வெட்டித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நம் ஊரில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, வாயிலும் போட்டுக்கொண்டு, பிறகு அதே புற்றைக் கடப்பாரையால் இடி என்று கூலி ஆளிடம் சொன்னால் எவன் வருவான்? கேட்டுப் பார்த்தேன், ஒருவனும் வரவில்லை. ஆகையால் கல்நார் சிமெண்டுத் தகடு வைப்பது என்று முடிவு செய்தேன். ராஜபாளையத்தில் பஞ்சாலைக் குடியிருப்பில் பார்த்திருக்கிறேன், அட்டை மாதிரி தட்டையாக இருக்கும், கரையான் தொடாது, தீப்பிடிக்காது, தோண்டவும் வேண்டாம். கல்தூணில் இரும்புச் சட்டம் பிணைத்து, அதில் தகட்டை முடுக்கிவிட்டால் சுவர். விருதுநகரிலிருந்து தகடு வந்து இறங்கியபோது தெருவே வந்து தட்டிப் பார்த்தது.

அதற்கப்புறம்தான் ஆறுமுகச்சாமி ஆசாரி ஒரு விஷயத்தைச் சொன்னான். தகட்டோடு தகடு சேருகிற இடத்தில் ஒடுக்கமான மரப் பத்தை அடிக்க வேண்டுமாம், மூலைக்கு மூலை பலகை வேண்டுமாம், இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு காற்றில் ஆடி உடையும், மூலையில் சந்தும் நிற்கும். அதாவது கரையானுக்குப் பயந்து மரத்தை வேண்டாமென்று தகட்டை வாங்கினால், தகட்டை நிறுத்த மறுபடியும் மரம் வேண்டும், அதுவும் புற்றிருக்கிற மூலையிலேயே வேண்டும். இதை முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்க கேக்கலியே ஐயா என்றான். அவனுக்குத் தொழில் தெரியும், வாய் அதைவிடக் கூடுதலாகத் தெரியும், உனக்குத் தெரியாததா.

சரி என்று பலகை பார்க்கப் போனேன். பீர் மைதீன் மரக்கடையில் தேக்குக் கிடந்தது, செங்கோட்டையிலிருந்து வந்த சரக்கு. கடையநல்லூர்க்காரர் எனக்குப் பழக்கமானவர், விற்றால் போதும் என்கிற ஆளில்லை. அண்ணாச்சி, பேரு தேக்குதான், ஆனா பூராவும் வயிரம் ஏறாத வெளிறு, இத அங்கன கொண்டு வச்சியள்னா கரையானுக்கு அல்வா வாங்கிக் கொடுத்த கணக்குத்தான் என்றார். வயிரமான தேக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதம் என்னிடம் இல்லை. மாம்பலகையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஒரு தடவை பட்டது போதும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஆசாரி வேம்பு போடலாம் என்றான். வேம்பு கசப்புல்லா ஐயா, கரையான் மோந்து பாத்துட்டுத் திரும்பிரும் என்றான். உன் அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கசப்பைப் பற்றி அக்கறையில்லை, அவள் கணக்கு வேறு. அம்மன் மரத்த அம்மன் புத்து திங்குமா, ரெண்டும் ஒரே தாயி சொத்துல்லா என்றாள். ஆசாரி, அம்மா சொல்லுதது நூத்துல ஒரு வார்த்தை என்று தலையாட்டினான். தாலுகா ஆபீசில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் நான், அங்கேயும் இப்படித்தான், இரண்டு பேர் சேர்ந்து ஒரே குரலில் சொல்லிவிட்டால் அது உத்தரவாகிவிடும்.

வேப்பம்பலகையும் வந்தது. பத்தைகள் எல்லாம் நன்றாகத்தான் அமைந்தன. கன்னிமூலைக்கு வந்தபோது பலகை புற்றில் இடித்தது. பலகையைக் குட்டையாக வெட்டிவிட்டால் கீழே சந்து நிற்கும், புற்றைச் செதுக்கினால் உன் அம்மா நிற்க மாட்டாள். ஆறுமுகச்சாமி ஆசாரி புற்றின் வளைவை ஓலையில் வெட்டி அளவெடுத்து, அந்த வளைவுப்படியே பலகையின் அடியை அறுத்து, புற்றின் மேல் மண் உதிராமல் பொருத்திவிட்டான். ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன் அம்மா பலகைக்கும் புற்றுக்கும் சேர்த்து மஞ்சள் குங்குமம் வைத்தாள். மூலை முடிந்தது ஆனி பிறந்தபோது, சன்னல் வேலையெல்லாம் சேர்த்து ஆனி பாதியில் முடிந்தது, மாப்பிள்ளைக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதி மடித்து வைத்திருந்தேன், வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்குத் தபாலில் போடுவோம் என்றாள் உன் அம்மா. வியாழக்கிழமை மேல்காற்று கிளம்பிற்று. சாயங்காலம் மேற்கு அறையிலிருந்து டக் டக்கென்று சத்தம், போய்ப் பார்த்தால் கன்னிமூலைப் பலகை காற்றில் ஆடுகிறது. கையை வைத்தேன், கை உள்ளே போயிற்று. முன்பக்கம் மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருக்கிறது, பின்பக்கம் பலகையே இல்லை, வெறும் மண். இடைவெளி இல்லாமல் பொருத்தியதுதான் வினை, வீட்டு வாசலில் இலை போட்டுப் பரிமாறினால் யார்தான் வேண்டாமென்பார்கள். அம்மன் மரத்தை அம்மன் புற்று முழங்கால் உயரம் வரை தின்றிருந்தது.

உன் அம்மா பலகையைப் பார்த்தாள், புற்றைப் பார்த்தாள். ஆசாரியைத்தான் பிடித்துக்கொண்டாள், வேம்புன்னு சொல்லி எந்த மரத்தக் கொண்டாந்து வச்சீரு என்று. அவன், நான் அறுத்ததுல ஒரு நூல் பெசகு உண்டா, நீங்களே சொல்லுங்க என்று என் பக்கம் திரும்பினான். பிசகு இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மடித்து வைத்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனி போயிற்று, ஆடி பிறந்தது. ஆவணி முதல் வாரத்தில் அழைத்து வந்துவிடலாம், எட்டாம் மாதம்தானே என்று நானும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஆடியில் பாதி நாள் நான் முன்கட்டில் மல்லாந்து படுத்துக்கிடந்தேன், பல் வலி. படுத்துக்கிடந்தால் கூரையைத்தானே பார்க்க வேண்டும். கூரையைத் தாங்குகிற பனங்கை அத்தனையும் என் தாத்தா காலத்தில் வைத்தது. ஒரு ஓரத்தில் கரையான் மண்ணால் ஏறு கோடு போட்டிருக்கிறது, பனங்கையின் மேலேயே ஊர்ந்து போய், அதைத் தொடாமல், அந்தப் பக்கம் இருந்த மூங்கிலைத் தின்றிருக்கிறது. எழுந்து பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன், கத்தி முனைதான் மழுங்கியது. இந்த வறண்ட காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை, நான் செங்கோட்டைத் தேக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆசாரிக்குப் பனை பிடிக்கவில்லை. பலகையா வராது ஐயா, நாலு விரல் அகலத்துக்கு மேல வயிரம் கெடையாது, உள்ள பூரா மெத்துன்னு சோறு, பாக்கதுக்கும் மாட்டுத் தொழு மாதிரி இருக்கும், நாளைக்கு ஊர்ல என்னயத்தான பேசுவான் என்றான். பேசினால் பேசட்டும் என்றேன். கிழட்டுப் பனையாகப் பார்த்து வாங்கி, வயிரத்தை மட்டும் பிளந்து எடுத்து, மூலைக்கு இரண்டிரண்டாகச் சேர்த்துப் பொருத்தச் சொன்னேன். ஆணி ஏறவில்லை, வளைந்துகொண்டு வந்தது. துரப்பணத்தால் துளை போட்டுத்தான் ஒவ்வொரு ஆணியும். தகட்டில் போடுகிற துளையை ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும், இறுக்கினால் தகடு கீறிவிடும், அதை இரண்டு தகட்டை உடைத்துத் தெரிந்துகொண்டோம்.

புற்று மூலையில் இந்தத் தடவை மரத்தைத் தரையில் விடவில்லை. புற்றுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கல்லைச் செருகி, சுண்ணாம்பு வைத்து அடைத்து, கல்லின் மேல்தான் பனை ஆரம்பிக்கிறது. கல் செருகப் புற்றின் ஓரத்தில் கொஞ்சம் மண் தள்ள வேண்டியிருந்தது. ஆசாரி மாட்டேன் என்றுவிட்டான், நான் கையை வைக்கப் போனபோது உன் அம்மா தடுத்தாள். குளித்து, ஈரச் சேலையோடு வந்து, சூடம் காட்டி, எம் பிள்ளைக்காகத்தான், கோவிச்சுக்கிடாத என்று சொல்லிவிட்டு அவளே கையால் அந்த மண்ணை வழித்து எடுத்தாள். அந்த மண்ணைக் கீழே போடவில்லை, ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள். வேலை முடிந்ததும் ஆளிவிதை எண்ணெய் பூசினோம். வெள்ளைத் தகடும் கறுப்புப் பனையும் பார்க்க மோசமில்லை, இப்போது ஆசாரி அந்த வழியாகப் போகிறவர்களை நிறுத்தி, எப்படி என் வேலை என்று கேட்கிறான். பனை யார் யோசனை என்று அவனும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. சுற்றி வந்து விரலை வைத்துப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை. இதை மாப்பிள்ளைக்கு எழுத உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவருடைய கார்டு வந்தது.

எனக்கு அழுகை ஒன்றும் வரவில்லை. அந்த அறைக்குள் போய்ச் சன்னல்களைத் திறந்து வைத்தேன். மூன்று பக்கமும் சன்னல், வெளிச்சம் நன்றாக வருகிறது. தொட்டில் கட்ட வளையம்கூட மாட்டியாயிற்று. மீனா, நீ வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். டாக்டரம்மாள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை, நீயும் வருவேன் என்று அடம்பிடித்து ஒன்றும் எழுத வேண்டாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். செவ்வாய்க்கிழமை சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் போறேன் என்றாள். எங்கே என்றேன். மீனாகிட்டதான் என்றாள். மதுரையைத் தாண்டாதவள் நீ, நாகபுரியில் தமிழ் கிடையாது, தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று நீதானே இத்தனை நாள் ஒற்றைக் காலில் நின்றாய் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தாய் வீடுன்னா என்ன, செவுரா, நான்லா தாய் வீடு, அவளால வர முடியலன்னா நான் போறேன், அங்கன பொறக்குத பிள்ள எந்தப் பாஷையில அழும்னு எனக்குத் தெரியும் என்றாள். நான் மோர் வாங்கிக் குடித்தேன். சித்திரையிலிருந்து தகடு, பத்தை, பலகை என்று அலைந்திருக்கிறேன், இந்த ஒரு வார்த்தையை அப்போதே சொல்லியிருந்தால் இத்தனையும் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பீர் மைதீனிடம் சொன்னபோது நல்ல வழி கிடைத்தது. அவர் தம்பி ஹபீப் முகம்மது நாகபுரியில் கைலிக்கடை வைத்திருக்கிறார் அல்லவா, அவரும் அவர் வீட்டுக்காரி ஷரீபா பீவியும் ஒரு கல்யாணத்துக்குக் கடையநல்லூர் வந்திருக்கிறார்கள், வருகிற புதன்கிழமை திரும்புகிறார்கள். அந்த அம்மாள் நேரில் வந்து, எங்கூட வாங்க மதினி, நான் பல தடவ போயிட்டு வந்தவ, ஒரு பயமும் இல்ல என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். பெண்கள் வண்டியில் இரண்டு பேரும், பக்கத்து வண்டியில் அவரும். பட்டணம் வரை நான் கூடப் போய், அங்கே ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல். உன் அம்மா சாமான் இப்போதே நடை முழுவதும் கிடக்கிறது. பிரசவ லேகியத்துக்கு மருந்துச் சாமான், புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி, பழைய வேட்டித் துணி ஒரு மூட்டை, வழிக்குப் புளியோதரை, ஒரு கூஜா. அந்தப் புற்றுமண் டப்பாவும் வருகிறது. அதை உன் தலைமாட்டில் வைப்பாள், மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவை, அவர் சிரித்தாலும் அவள் இல்லாத இடத்தில் சிரிக்கட்டும்.

நான் இங்கேதான் இருப்பேன். சாப்பாடு கிளப்புக் கடையில். நான் வராததற்குக் காரணம் புற்று. வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்ற வேண்டுமாம், பிரசவம் ஆகிற வரை ஒரு வெள்ளியும் விடக் கூடாதாம், வேறு ஆளிடம் சொன்னால் ஊற்றாமல் குடித்துவிடுவார்களாம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்று அவளுக்கும் தெரியும், புற்றுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஊற்றுவதாக ஒத்துக்கொண்டேன். நேற்றைக்கே பழகிக்கொள்வதற்காக ஊற்றச் சொன்னாள், ஊற்றினேன். செருப்பைக் கழற்றவில்லை என்று திட்டினாள், கழற்றிவிட்டு மறுபடியும் ஊற்றினேன்.

நீ உப்பைக் குறை, காலைத் தொங்கப் போட்டு உட்காராதே, தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. அம்மா வந்து சேர்ந்ததும் ஒரு தந்தி, குழந்தை பிறந்ததும் ஒரு தந்தி. இரண்டாவதில் ஆணா பெண்ணா என்பதைவிட நீ நன்றாக இருக்கிறாய் என்பதை முதலில் போடச் சொல்.

மேற்கு அறையைப் பூட்டியாயிற்று. அங்கே படுத்துக்கொள்ளலாம், காற்று வரும் என்று நான் நினைத்திருந்தேன். பால் காய்ச்சாத அறையில் யாரும் படுக்கக் கூடாது, பால் காய்ச்சுதது மீனா வந்துதான் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். பூட்டிய சாவியை என்னிடம் தரவில்லை, முந்தானையில் முடிந்திருக்கிறாள், அதோடுதான் ரயில் ஏறுகிறாள், உன் கையில்தான் தருவாளாம். வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ என்றைக்கு வருகிறாயோ அன்றைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

சங்கரலிங்கமும் கோமதியம்மையும் உன்னையும் குழந்தையையும் இரண்டு உயிராகப் பிரித்து நல்லபடி வைக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு, உன் அப்பா,
அ. அம்பலவாணன்

பூட்டுப் புதிது, இறுக்கமாக இருக்கிறது. சாவியைப் போட்டு இடது பக்கம் கொஞ்சம் அழுத்தித் திருப்ப வேண்டும்.